சான்றிதழ் இல்லாமல் போலந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை பற்றி விசாரிக்கும் தமிழர்கள் பெரும்பாலும் மூன்று வகை. அங்கே படிக்கப் போயிருக்கும் மாணவர்கள். ஐடி வேலைக்குப் போன கணவனுடனோ மனைவியுடனோ குடிபெயர்ந்தவர்கள். ஊரில் இருந்தபடியே "எப்படியாவது ஐரோப்பா" என்று பார்க்கிறவர்கள். மூன்று பேரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், பதில்தான் வேறு வேறு. எந்தப் பதில் யாருக்கு என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: செல்டா, டெஃபல் போன்ற ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் போலந்தில் வேலை பார்க்கும் உரிமை முதலில் கையில் இருக்க வேண்டும். செல்டா இருந்து அந்த உரிமை இல்லாதவரைவிட, உரிமை இருந்து செல்டா இல்லாதவருக்குத்தான் பள்ளிகள் முதலில் பதில் போடும்.

தனியார் மொழிப்பள்ளி அங்கே சட்டப்படி ஒரு சாதாரண வியாபாரம், நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் மாதிரி. பாடம் எடுக்கிறவருக்கு இன்ன சான்றிதழ் வேண்டும் என்று அரசு சொல்வதில்லை. பள்ளி நடத்துகிறவர் திருப்திப்பட்டால் போதும். வேலை உரிமை இல்லாத வெளிநாட்டவரை வைத்துக்கொண்டாலோ, அபராதம் அவர் தலையில் விழும். அதனால்தான் நேர்முகத்தில் "எத்தனை வருட அனுபவம்?" என்பதற்கு முன்னாலேயே "உங்களிடம் என்ன விசா இருக்கிறது?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பிரெக்சிட்டால் இங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2020 வரை பிரிட்டிஷ்காரர்கள் எந்த அனுமதியும் இல்லாமல் வந்து பாடம் எடுத்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து புதிதாக வரும் பிரிட்டிஷ்காரரும் உங்களைப் போல அனுமதி வாங்கியாக வேண்டும். ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள நாடுகளில், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து, மால்டா பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இன்னும் கதவு திறந்தே இருக்கிறது. ஏற்கெனவே போலந்தில் சட்டப்படி வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கும் நல்ல ஆங்கிலக்காரருக்கு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், முன்பைவிட மதிப்புக் கூடியிருக்கிறது.

யாருக்கெல்லாம் வேலை உரிமை தானாகவே இருக்கிறது?

போலந்துப் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்புக்கு மாணவர் விசாவிலோ, படிப்புக்கான குடியிருப்பு அட்டையிலோ இருப்பவர்களுக்குத் தனியாக வேலை அனுமதி தேவையில்லை. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு நடக்கும் படிப்பு முழுநேரப் படிப்பு ஆகாது. கட்டணம் குறைவு என்று அதில் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. முழுநேரப் படிப்பை அங்கே முடித்தவர்களுக்கும் வேலை அனுமதி வேண்டாம். படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கென்று 9 மாதக் குடியிருப்பு அனுமதி கேட்கவும் வழியிருக்கிறது.

குடும்பமாகப் போனவர்களைப் பொறுத்தவரை, குடும்ப இணைப்பின் பேரில் வழங்கப்படும் தற்காலிகக் குடியிருப்பு அட்டை கைக்கு வந்துவிட்டால் வேலை பார்க்கலாம். விசாவில் வந்து இறங்கிய முதல் நாளே இந்த உரிமை வந்துவிடுவதில்லை. அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் வகுப்பு எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். போலந்துக்காரரை மணந்தவர்கள், நிரந்தரக் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்களுக்குத் தடையில்லை.

நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன். இங்கிருந்தே விண்ணப்பித்தால் பள்ளி ஸ்பான்சர் செய்யுமா?

உண்மையைச் சொன்னால், சான்றிதழும் அனுபவமும் இல்லாத ஒருவருக்கு இது நடப்பது மிக அபூர்வம். சட்டம் தடுக்கவில்லை. கணக்குதான் உதைக்கிறது.

வேலை அனுமதியை நீங்கள் வாங்க முடியாது. உங்கள் முதலாளி அந்த மாகாண ஆளுநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூன் முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தின்படி எல்லாம் இணையவழிதான். அந்த அனுமதியில் முதலாளி பெயர், வேலை, நேரம், சம்பளம் எல்லாம் எழுதியிருக்கும். அது அந்தப் பள்ளிக்கு மட்டுமே செல்லும். பக்கத்துத் தெருப் பள்ளியில் வாரம் நான்கு மணி நேரம் எடுக்க அதற்குத் தனி அனுமதி. ஆனால் மொழிப்பள்ளி வேலையே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு பள்ளியில் 8 மணி நேரம், இன்னொன்றில் 6, ஒரு கம்பெனியில் 4 என்று சேர்த்துத்தான் ஆசிரியர்கள் மாதத்தை ஓட்டுகிறார்கள். இப்படிப்பட்ட தொழிலில், முகம் பார்க்காத ஒருவருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, முழுநேரச் சம்பளமும் உறுதி சொல்ல எந்தப் பள்ளிக்கு மனம் வரும்? ஒன்றிரண்டு வருடம் தங்கும் குடியிருப்பு அனுமதியை வேலையின் பேரில் கேட்டால், மாத வருமானம் சட்டக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. 2026-இல் அது மாதம் 4,806 ஸ்வோட்டி (போலந்து நாணயம்), பிடித்தங்களுக்கு முன்.

சில நாட்டவருக்கு முதலாளி ஒரு அறிவிப்பைப் பதிவுசெய்தால் போதும் என்ற சுலப வழி இருக்கிறது. உக்ரைன் போன்ற சில நாட்டவருக்கானது அது. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே ஊரில் இருப்பவர்களுக்கு என் யோசனை: முழுநேர ஆசிரியர் வேலைக்கு ஸ்பான்சர் தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். வேறு காரணத்துக்காகப் போலந்து போகும் திட்டம் இருந்தால், போன பிறகு இதைப் பாருங்கள். போகும் திட்டமே இல்லையென்றால் கீழே ஆன்லைன் கேள்விக்குப் போய்விடுங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே தேடிக்கொள்ளலாமா?

தேடலாம், நேர்முகத்துக்குப் போகலாம். ஒரு மணி நேரம்கூடக் காசுக்கு வகுப்பு எடுக்கக் கூடாது. பிடிபட்டால் அபராதமும் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவும் வரும். அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் உங்களைத் துரத்தும். "கையில் கொடுக்கிறோம், பேப்பர் வேண்டாம்" என்று சொல்லும் பள்ளி, மாதக் கடைசியில் காசு தராவிட்டால் நீங்கள் யாரிடமும் போய் முறையிட முடியாது என்பதைத் தெரிந்துதான் சொல்கிறது.

ஏஜென்ட் ஒருவர் "டீச்சர் பெர்மிட்" வாங்கித்தருவதாகச் சில லட்சம் கேட்கிறார். நம்பலாமா?

வேண்டாம். அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளி. அதை ஏஜென்ட் விற்கிறார் என்றால், ஒன்று அந்த முதலாளி காகிதத்தில் மட்டும் இருப்பார், அல்லது இறங்கியதும் ஆசிரியர் வேலை கிடங்கு வேலையாக மாறும். 2023-இல் போலந்தில் விசாவுக்குக் காசு வாங்கிய விவகாரம் வெடித்து, வெளியுறவுத் துணை அமைச்சர் ஒருவர் பதவியிழந்தார். அதில் இந்தியாவிலிருந்து போன விண்ணப்பங்களும் அடிபட்டன. அதற்குப் பிறகு தூதரகங்கள் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்கின்றன.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சம் என்ற சொல் வந்தவுடன் எழுந்து வந்துவிடலாம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியில் சேர முடியுமா? எனக்கு பி.எட். இருக்கிறது.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1982-இல் வந்த ஆசிரியர் சாசனச் சட்டத்துக்குக் கீழே வருகிறார்கள். ஆங்கில இலக்கியப் பட்டமோ, வேறு பட்டத்தோடு உயர்நிலை ஆங்கிலச் சான்றிதழோ வேண்டும். அதோடு கற்பித்தல் பயிற்சியும் கட்டாயம். உங்கள் பி.எட். தானாக அங்கே செல்லாது. பட்டத்தின் நிலை என்ன என்று போலந்துக் கல்விப் பரிமாற்ற நிறுவனமான நாவாவின் இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். முழு அங்கீகாரம் வேண்டுமானால் அது நீண்ட வழி.

தகுதியுள்ள ஆசிரியர் கிடைக்காதபோது, கல்விக் கண்காணிப்பு அலுவலக ஒப்புதலோடு தகுதி இல்லாதவரையும் தலைமை ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கு உண்டு. ஆனால் போலிஷ் பேசத் தெரியாதவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் என்ன செய்வார்? சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இது வழியில்லை.

விளம்பரங்களில் எல்லாம் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்றே இருக்கிறது. இந்தியப் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிட மாட்டார்களா?

சில இடங்களில் ஒதுக்குவார்கள். மழுப்பிப் பயனில்லை. போலந்துத் தொழிலாளர் சட்டம் இனம், நாடு, தோல் நிறம் பார்த்து ஆள் எடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் பதில் வராத மின்னஞ்சல் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. பெற்றோர்கள் "இங்கிலாந்துக்காரர் வேண்டும்" என்று கேட்பதாகச் சொல்லிப் பள்ளிகள் தப்பித்துக்கொள்ளும்.

ஆனாலும் விண்ணப்பியுங்கள். பிரிட்டிஷ்காரர் கிடைக்காமல் அந்த விளம்பரம் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். விண்ணப்பத்தில் 'நேட்டிவ்' என்று உங்களை நீங்களே அழைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த நிமிடம் விவாதமாகிவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழிக் கல்வி, பட்டப்படிப்பு ஆங்கிலத்தில், வேலையும் ஆங்கிலத்தில் என்று இருப்பதை இருப்பதாக எழுதுங்கள்.

நம் ஆட்கள் கவனிக்கத் தவறும் சந்தை ஒன்று இருக்கிறது: கம்பெனி வகுப்புகள். வூச் நகரில் இன்ஃபோசிஸ், கிராகோவில் ஹெச்.சி.எல். என்று இந்திய நிறுவனங்கள் இருக்கின்றன. அவை தவிர, பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குவழக்கு மையங்களும் மென்பொருள் மையங்களும் கிராகோவ், வ்ரோத்ஸ்வாஃப், வார்சாவில் ஏராளம். அங்கே வேலை பார்க்கும் போலந்துக்காரர் தினமும் சென்னையோடும் பெங்களூரோடும் அழைப்பில் பேசுகிறார். அவருக்கு லண்டன் உச்சரிப்பு தேவையில்லை. எதிர்முனையில் வேகமாகப் பேசுகிறவரைப் புரிந்துகொள்ள வேண்டும், மரியாதை கெடாமல் குறுக்கிட்டுக் கேட்கத் தெரிய வேண்டும். "உங்கள் மாணவர்கள் பேசப்போகும் ஆட்களில் பாதிப்பேர் என்னைப் போலத்தான் பேசுவார்கள்" என்று நேர்முகத்தில் தயங்காமல் சொல்லலாம்.

உச்சரிப்பை மாற்ற வேண்டாம், ஆனால் நம் ஊர் வழக்குகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள். பிரிட்டிஷ் பாடப்புத்தகத்தில் வளர்ந்த மாணவரிடம் "2019-இல் காலேஜிலிருந்து பாஸ்டு அவுட்" என்றால், நீங்கள் கல்லூரியில் மயங்கி விழுந்ததாக நினைத்துக்கொள்வார்.

ஒரு கொசுறுச் செய்தி. இந்தியர் என்றதும் வார்சாவில் சிலர் நவாநகர் ஜாம் சாகேபைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அகதிகளான போலந்துக் குழந்தைகளுக்கு குஜராத்தின் பாலாசடியில் முகாம் அமைத்துக்கொடுத்தவர். வார்சாவில் 'நல்ல மகாராஜா' சதுக்கம் இருக்கிறது, அவர் பெயரில் பள்ளியும் இருக்கிறது. இதனால் வேலை கிடைக்காது, ஆனால் பேச்சு கலகலப்பாகத் தொடங்கும்.

சான்றிதழ் இல்லையென்றால், நேர்முகத்தில் வேறு எதைக் காட்டுவது?

மாதிரி வகுப்பை. பெரும்பாலான பள்ளிகள் 15, 20 நிமிடம் ஒரு பாடம் எடுத்துக்காட்டச் சொல்லும். எதிரே பயிற்சிப் பொறுப்பாளர் மாணவர் போல உட்கார்ந்திருப்பார், கூட ஒன்றிரண்டு ஆசிரியர்களும் இருக்கலாம். சான்றிதழ் இல்லாதவர் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இருபது நிமிடத்தில்தான்.

அடிக்கடி கொடுக்கப்படும் தலைப்பு பிரசென்ட் பெர்ஃபெக்ட். நம் ஊரில் படித்தவர் எழுந்ததும் பலகையில் 'ஹேவ் கூட்டல் வினையின் மூன்றாம் வடிவம்' என்று எழுதி, பத்து நிமிடம் விளக்கி, "எனி டவுட்ஸ்?" என்று முடிப்பார். பயிற்சிப் பொறுப்பாளர் அதற்குள் முடிவெடுத்திருப்பார். அவர் பார்ப்பது நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதை அல்ல, மாணவர் எவ்வளவு பேசினார் என்பதை. சூத்திரம் மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். போலந்தில் பள்ளி முடித்தவர்களுக்குக் காலங்களின் பெயர்கள் உங்களைவிடத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். வாய்தான் வராது.

இப்படிச் செய்து பாருங்கள். பலகை பக்கமே போகாமல், "ஹேவ் யூ எவர் ஈட்டன் இட்லி?" என்று கேளுங்கள். "நோ" என்பார். முழு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், "யெஸ், ஐ ஹேவ்" என்றால், "வென் டிட் யூ ஈட் இட்?" என்று விடாமல் தொடருங்கள். அனுபவம் உண்டா என்று கேட்கும்போது ஒரு வடிவம், எப்போது என்று கேட்டதும் வேறு வடிவம். இந்த மாற்றத்தை அவர்கள் காதால் பிடித்த பிறகு, அவர்களை ஒருவரையொருவர் கேட்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். தவறுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டே இரண்டைப் பலகையில் எழுதித் திருத்துங்கள். சூத்திரம் எழுதுவதாக இருந்தால் இப்போது எழுதலாம்.

இங்கே தமிழருக்கு உண்மையாகவே ஒரு அனுகூலம் உண்டு. 'அஞ்சு வருஷமா இங்க வேலை செய்றேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் போலத்தான் போலிஷிலும் சொல்வார்கள். அதனால் அவர்களும் 'ஐ வொர்க் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று தடுக்கி விழுவார்கள். 'ஏ', 'தி' என்ற சமாச்சாரம் போலிஷிலும் கிடையாது. மான்செஸ்டரில் பிறந்தவருக்கு அது ஏன் கஷ்டம் என்றே விளங்காது. நீங்கள் பள்ளியில் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். மாதிரி வகுப்பில் எழும் "ஏன்?" என்ற கேள்விக்கு இந்த ஒப்பீட்டைச் சொன்னால், சான்றிதழ் இல்லாதது பாதி மறந்துபோகும்.

120 மணி நேர ஆன்லைன் டெஃபல் சான்றிதழ் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறதே, வாங்கிவிடலாமா?

விண்ணப்பத்தில் ஒரு வரி நிரம்பும், அவ்வளவுதான். அனுபவமுள்ள பள்ளிகளுக்கு வித்தியாசம் தெரியும். செல்டாவில் உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முழுநேரமாகச் சேர்ந்தால் 4 வாரத்தில் முடியும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் அதே தரம். பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற இடங்கள் இவற்றைத்தான் கேட்கும். ஒரு வருடம் வகுப்பெடுத்துப் பார்த்து, இதுதான் தொழில் என்று தோன்றினால் அப்போது செல்டாவுக்குச் செலவழியுங்கள். போலந்திலேயே நடக்கிறது.

எந்த மாதிரிப் பள்ளிகள் புதியவர்களை எடுக்கும்?

தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கும் பள்ளிகள். கேலன் முறை போலந்தில் பிரபலம்: ஆசிரியர் படபடவென்று கேள்வி கேட்பார், மாணவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்வார், என்ன கேட்பது என்று புத்தகத்திலேயே இருக்கும். இதற்குப் பள்ளியே சில நாள் பயிற்சி தரும். பெர்லிட்ஸும் தன் முறையைத் தானே சொல்லிக்கொடுக்கும். சிறு குழந்தைகளுக்கான ஹெலன் டோரன் கிளைகளும் அப்படியே. கேலன் வகுப்பு எடுத்தால் தொண்டை வறளும், மூளைக்கு வேலை குறைவு. ஆனால் முதல் ஆறு மாதம் வகுப்பறைப் பயம் போக அது போதும்.

தனியார் மழலைப் பள்ளிகள் இன்னொரு வாசல். 2017 முதல் மழலைப் பள்ளியில் எல்லா வயதினருக்கும் வெளிநாட்டு மொழி கட்டாயம், பெரும்பாலும் ஆங்கிலம். பாட்டு, ஆட்டம், படங்கள் என்று அரை மணி நேர வகுப்புகள். குழந்தைகளோடு தரையில் உட்காரத் தயங்குகிறவர்களுக்கு ஒத்துவராது.

ஊரைப் பொறுத்தவரை, வார்சாவிலும் கிராகோவிலும் வேலையும் அதிகம், வெளிநாட்டவரும் அதிகம். ஜெஷூஃப், கியெல்ட்ஸே, ஓல்ஷ்டின் மாதிரி நடுத்தர நகரங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் ஆசிரியர் அரிது. அங்கே படிக்கிறீர்கள் என்றால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

எப்போது, எங்கே தேடுவது?

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. பள்ளிகள் செப்டம்பர் 1-இல் திறக்கும், மொழிப்பள்ளி வகுப்புகள் அந்த மாதத்துக்குள் தொடங்கி ஜூனில் முடியும். ஜனவரி, பிப்ரவரியில் யாராவது பாதியில் விட்டுப்போன இடங்கள் சில திறக்கும். மே மாதத்தில் தேடுவது வீண்.

பிராத்சுய் (pracuj.pl), ஓஎல்எக்ஸ் இரண்டு தளங்களிலும் 'லெக்டர்' (lektor) என்று போலிஷில் தேடுங்கள். மொழிப்பள்ளி ஆசிரியருக்கு அங்கே அதுதான் பெயர். 'டீச்சர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் பாதி விளம்பரங்கள் கண்ணில் படாது. ஆனால் என் கணிப்பில், நகரத்தின் மொழிப்பள்ளிகளைக் கூகுள் மேப்பில் பட்டியலிட்டு, நேரில் ஏறி இறங்குவதுதான் சான்றிதழ் இல்லாதவருக்கு நல்ல வழி. நீங்கள் பேசுவதை அவர்கள் காதால் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் ஒரு பக்கம், அதிகம் போனால் இரண்டு. அப்பா பெயர், மதம், திருமண நிலை எல்லாம் வேண்டாம். முதல் மூன்று வரிக்குள் "வேலை அனுமதி தேவையில்லை" என்று காரணத்தோடு எழுதிவிடுங்கள். அடியில், என் தகவல்களை ஆள்சேர்ப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்ற தரவுப் பாதுகாப்பு வாசகத்தைப் போலிஷில் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாத விண்ணப்பத்தைச் சில நிறுவனங்கள் பார்ப்பதே இல்லை.

எவ்வளவு கிடைக்கும்?

2026-இல் சட்டக் குறைந்தபட்ச மணிக்கூலி 31.40 ஸ்வோட்டி. ஒரு ஸ்வோட்டியைச் சுமார் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிப்பள்ளிகள் வகுப்பு நேரத்துக்குத் தருவது பொதுவாக அதைப்போல் இரண்டு மடங்கு வாக்கில் இருக்கும்; ஊரையும் மாணவரையும் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் 'ஒரு மணி நேரம்' என்பது 60 நிமிடமா, 45 நிமிடப் பாடவேளையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தயாரிப்பு நேரத்துக்கும், டிராமில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் நேரத்துக்கும் காசு இல்லை. காலை 7.30-க்கு ஒரு அலுவலகத்தில் வகுப்பு, அடுத்தது மாலை 5-க்கு என்பதெல்லாம் சர்வ சாதாரணம்.

26 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்களுக்கு நல்ல செய்தி. பணி ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் (எடுத்த வகுப்புக்கு மட்டும் காசு தரும் வகை) வேலை செய்தால் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை. வருடம் 85,528 ஸ்வோட்டி வரை வருமான வரியும் இல்லை. பேசிய தொகை அப்படியே கைக்கு வரும். பள்ளிக்கும் செலவு குறைவு என்பதால், வயதை நேர்முகத்தில் போகிற போக்கில் சொல்லிவைப்பது தப்பில்லை.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முறையான வேலை ஒப்பந்தம் மொழிப்பள்ளிகளில் கிடைப்பது அரிது. விடுப்பு, நோய்க்காலச் சம்பளம் எல்லாம் அதில்தான் உண்டு. பெரும்பாலும் தருவது பணி ஒப்படைப்பு ஒப்பந்தம்: எடுத்த வகுப்புக்குக் காசு. கிறிஸ்துமஸ் விடுமுறை, இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை, மே முதல் வார விடுமுறை எல்லாம் வருமானமில்லாத நாட்கள். ஜூலை, ஆகஸ்ட் சொல்லவே வேண்டாம். வருடத்தை ஒன்பது, பத்து மாதமாக நினைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

படிக்கும்போது இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, மாணவர் கடைசி நேரத்தில் வகுப்பை ரத்துசெய்தால் உங்களுக்குக் காசு உண்டா என்பது. 24 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழுத்தொகை என்று எழுதிவாங்க முயலுங்கள். இரண்டு, போட்டித் தடை: பள்ளியின் மாணவருக்குத் தனியாக ட்யூஷன் எடுத்தால் அபராதம் என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அது அந்தப் பள்ளி மாணவரோடு நிற்கிறதா, இல்லை ஊரில் எங்குமே ஆங்கிலம் எடுக்கக் கூடாது என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். போலிஷில் மட்டும் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருவரிடம் படித்துக் கேட்டுவிட்டுப் போடலாம்.

"சொந்தமாகத் தொழில் பதிவு செய்து, ரசீது கொடுங்கள்" என்று சில பள்ளிகள் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை. உங்கள் குடியிருப்பு அட்டை எந்த வகை என்பதைப் பொறுத்தது. தெரியாமல் பதிவு செய்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தனியாக ட்யூஷன் எடுக்கலாமா?

தேவை நிறையவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிவில் ஒரு அரசுத் தேர்வு, பள்ளி முடிவில் மத்துரா தேர்வு; இரண்டும் மே மாதம், இரண்டிலும் வெளிநாட்டு மொழி உண்டு. ஜனவரிக்குப் பிறகு பெற்றோர் தவிக்க ஆரம்பிப்பார்கள். இ-கொரெபெட்டிட்ஸ்யே மாதிரி ட்யூஷன் தளங்களில் விளம்பரம் போடலாம். ஆனால் காசு வாங்கி நடத்தினால் அதுவும் தொழில்தான். மேலே சொன்ன பதிவு உரிமை இங்கேயும் பொருந்தும். மத்துராவுக்கு எடுப்பதானால் பழைய வினாத்தாள்கள் தேர்வு வாரியத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கைந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

போலிஷ் தெரிய வேண்டுமா?

வகுப்புக்குத் தேவையில்லை. ஆரம்பநிலை மாணவர்களைப் போலந்து ஆசிரியர்களிடம் கொடுத்துவிட்டு, பேச்சு வகுப்புகளைத்தான் உங்களிடம் தருவார்கள். அலுவலகங்களில், வீட்டுக்காரரிடம், வங்கியில் தேவைப்படும். வணக்கம், நன்றி, எண்கள் மட்டுமாவது முதல் வாரமே.

ஊரில் இருந்தபடியே போலந்து மாணவர்களுக்கு ஆன்லைனில் எடுத்தால்?

விசா தலைவலி இல்லாத ஒரே வழி இது. பிரெப்ளி, இட்டாக்கி இரண்டும் ஆன்லைன் ட்யூஷன் தளங்கள். பிரெப்ளியில் சான்றிதழ் இல்லாமலே சேரலாம். இட்டாக்கியில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பிரெப்ளியில் ஒவ்வொரு மாணவரின் முதல் சோதனை வகுப்புக் காசையும் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். பிறகு 33 சதவீதத்தில் தொடங்கி, நீங்கள் எடுத்த மணி நேரம் ஏற ஏற 18 வரை இறங்கும். ஆரம்பத்தில் கட்டணத்தைக் குறைத்துவைத்துப் பத்துப் பதினைந்து நல்ல விமர்சனம் சேர்ந்ததும் ஏற்றுங்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். போலந்தில் வேலை முடிந்து மாலை 5 மணிக்கு மாணவர் உட்காரும்போது, நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. அதற்கு மேல் இரண்டு வகுப்பு என்றால் தூக்கம் போச்சு. பகல் வேலை பார்க்கிறவர்களுக்கு வசதி, குழந்தை இருக்கிற வீட்டில் கஷ்டம்.

ஊரிலிருந்து கிளம்பும்போது என்னென்ன காகிதம் எடுத்துப்போக வேண்டும்?

பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எல்லோரும் எடுத்துப்போவார்கள். இந்தியர்கள் அப்போஸ்டில் முத்திரையை (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. பலர் மறப்பது காவல்துறை நற்சான்று. சென்ஸ்டொகோவா நகரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக் கொடுமையால் 2023-இல் இறந்தபின், குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பாடம் எடுக்கும் எல்லோரையும் பள்ளி பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். போலந்துக் குற்றப்பதிவுச் சான்றோடு, வெளிநாட்டவர் தம் சொந்த நாட்டிலிருந்தும், கடந்த 20 வருடத்தில் வசித்த நாடுகளிலிருந்தும் சான்று தர வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்திருந்தால் அங்கேயும் வாங்க வேண்டும். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். போலந்து போனபின் வார்சாத் தூதரகம் வழியாகவும் வாங்கலாம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். அதன்பின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போலிஷில் மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் காசு. செப்டம்பரில் அட்டவணை போடும்போது இந்தத் தாள் கையில் இல்லாதவருக்குக் குழந்தைகள் வகுப்பு கொடுக்க மாட்டார்கள், பெரியவர்கள் வகுப்பில் மிச்சம் இருப்பதுதான் வரும்.